கூடவே நடந்து பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

முப்பத்தைந்து வருஷம் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, அந்த நேரத்தில் டிவியில் கோல்ஃப் பார்க்கிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரயில் தபால் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முழுக்க கோல்ஃப்தான்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: சார், கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம். நீங்கள் ஒரு தடவையாவது அந்த மட்டையைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? பிடிக்காமலே எப்படி ரசிக்க முடிகிறது?

பிடித்ததில்லை. புல்தரையில் கால் வைத்ததும் இல்லை. பார்த்ததெல்லாம் காட்பாடியில் என் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்துப் பார்த்ததுதான்.

ஆரம்பித்தது 2019 ஏப்ரல் 14-ஆம் தேதி. தமிழ்ப் புத்தாண்டு, ஞாயிற்றுக்கிழமை. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் மருமகன் டிவியில் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைப் போட்டார். அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள் நமக்கு நடுராத்திரிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும் என்று காலையிலேயே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நமக்கு அது சாயங்கால ஆட்டமாகிவிட்டது. டைகர் உட்ஸ் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். மருமகன் சொன்னார்: அவருக்கு 43 வயது, முதுகில் நாலு ஆபரேஷன், பெரிய போட்டி எதுவும் ஜெயித்து 11 வருஷம் ஆகிறது. அன்றைக்கும் இத்தாலிக்காரர் மொலினாரியைவிட மட்டையால் இரண்டு அடி கூடுதலாக அடித்து, பின்தங்கித்தான் ஆரம்பித்தார்.

பன்னிரண்டாவது குழிக்கு வந்தார்கள். அடிக்கிற இடத்திலிருந்து குழி வரைக்கும் 155 கெஜம். எனக்கு உடனே ரயில் கணக்குத்தான் வந்தது, ஆறு பெட்டி நீளம். முன்னால் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒல்லியான புல்தரை, அதன் வலது ஓரத்தில் குழியைக் காட்டும் கொடி. மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை. மொலினாரி அடித்த பந்து கரையில் விழுந்து உருண்டு தண்ணீருக்குள் போனது. டைகர் கொடியைப் பார்த்து அடிக்கவே இல்லை. தரை அகலமாக இருக்கும் இடது பக்கமாக அடித்தார். பந்து கொடிக்கு வெகு தூரத்தில் விழுந்தது, ஆனால் பத்திரமாக விழுந்தது. கடைசி இரண்டு குழுக்களில் ஆடிய ஆறு பேரில் நாலு பேர் அந்தக் குழியில் தண்ணீரில் போட்டார்கள். டைகர் அன்றைக்கு ஜெயித்தார்.

எனக்கு மட்டையின் எடை தெரியாது. ஆனால் இப்போது என்ன செய்வது என்று ஒரு மனிதர் நின்று யோசிப்பது தெரியும். ஓடுகிற மெயில் வேனில், மங்கல் வெளிச்சத்தில், கிறுக்கலான விலாசத்தைப் பார்த்து இது ஆரணியா ஆற்காடா என்று தீர்மானித்து, சின்னச் சின்ன அறை வைத்த மர அலமாரியில் சரியான அறையில் கடிதத்தை எறிந்தவன் நான். தப்பாக எறிந்தால் அந்தக் கடிதம் வேறு ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். அந்த ஓடைக்கரையில் நின்றவர்களின் முகத்தில் எனக்குப் பழக்கமான ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: பையன் பி.இ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். ராத்திரியெல்லாம் செல்போனில் கோல்ஃப். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மைனஸ் பதினொன்று வாங்கியவர் முதலிடமாம்! ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் ஐயா.

பையனோடு உட்கார்ந்து பார்த்தீர்களே அம்மா, அது எனக்கு ரொம்பச் சந்தோஷம். கணக்கு சுலபம்தான்.

உங்கள் ஊரில் தறி போடுகிறவர்களுக்கு, கைத்தேர்ச்சி உள்ளவர் ஒரு லுங்கியை இவ்வளவு நேரத்தில் முடிப்பார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருக்கும் இல்லையா? அப்படி ஒவ்வொரு குழிக்கும், நல்ல ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'பார்'. கிட்டத்தில் இருக்கும் குழிக்கு மூன்று, நடுத்தரத்துக்கு நாலு, தூரத்துக்கு ஐந்து. அகஸ்டாவில் 18 குழிக்கும் சேர்த்து 72. நாலு நாள் ஆடினால் 288. ஒருவர் நாலு நாளையும் 277 அடியில் முடித்தால், கணக்கைவிட 11 அடி குறைவு. அதுதான் நீங்கள் பார்த்த மைனஸ் பதினொன்று. குறையக் குறைய நல்லது.

பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். ஓர் அடி கூடினால் போகி. பொங்கலுக்கு முதல் நாள் நாம் பழைய பாயைக் கொளுத்துகிற அதே உச்சரிப்புதான், அதனால் மறக்காது. இரண்டு கூடினால் டபுள் போகி. இந்த நாலு வார்த்தை போதும், பையன் பார்ப்பதில் முக்கால்வாசி உங்களுக்கும் புரிந்துவிடும்.

இன்னொன்று செய்து பாருங்கள். அந்தக் குழியின் வாய் நாலேகால் அங்குலம். நான் இஞ்ச் டேப் வைத்து எங்கள் வீட்டு காபி டபராவை அளந்தேன், வாய் சரியாக நாலு அங்குலம். ஒரு டபராவைக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, இந்தக் கோடியில் உட்கார்ந்து பாருங்கள். டிவியில் ஐந்தடி தூரத்துப் பந்தை ஒருத்தர் தவறவிட்டால், "இதுகூடப் போடத் தெரியாதா" என்று கேட்கத் தோன்றாது.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர்: காலையில் ஆறு மணிக்குக் கடை திறக்க வேண்டும். எந்தப் போட்டியை எந்த நேரத்தில் பார்க்கலாம்?

உங்களுக்கு ஏற்றது ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் ஓப்பன். அங்கே கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். கடைசி நாள் ஆட்டம் ராத்திரி பதினொன்று, பதினொன்றரை வாக்கில் முடிந்துவிடும். ஏப்ரலில் அகஸ்டாவுக்கு ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். கடைசி நாள் முன்னணி ஆட்டக்காரர்கள் நமக்கு நடுராத்திரி வாக்கில்தான் முதல் பந்தை அடிப்பார்கள், முடியும்போது பால்காரர் வந்துவிடுவார். கடை வைத்திருப்பவர் அந்த ஒரு ஞாயிறு ராத்திரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் காலையில் போனில் ஸ்கோர் பார்த்தால் போதும்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இரண்டு நாள் பார்த்தேன். கேமரா ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒருத்தர் அடிக்கிறார், உடனே வேறு ஆள், வேறு இடம். யாரைப் பார்ப்பது? நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

வந்ததிலேயே இதுதான் முக்கியமான கேள்வி தம்பி. இதற்குப் பதில் தெரியாமல்தான் நிறையப் பேர் பத்து நிமிஷத்தில் சேனலை மாற்றிவிடுகிறார்கள்.

கிரிக்கெட்டில் ஒரே பந்து, எல்லாருடைய கண்ணும் அதன்மேல். கோல்ஃபில் ஒரே நேரத்தில் பல பேர் பல குழிகளில் ஆடிக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர்ஸில் நூறுக்குக் கொஞ்சம் குறைவு, ஓப்பனில் 156 பேர் ஆரம்பிப்பார்கள். இரண்டு நாள் ஆனதும் மாஸ்டர்ஸில் முதல் 50 இடத்தையும் ஓப்பனில் முதல் 70 இடத்தையும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். கடைசி இடத்தில் சமமாக நிற்பவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை பேரையும் கேமரா துரத்தினால் நம் கண் எங்கே நிற்கும்?

அதனால் நான் ஒரே ஒருத்தரைப் பிடித்துக்கொள்வேன். வியாழக்கிழமையே பிடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் முன்னால் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பிடிப்பதில் ருசியே இல்லை. அவர் பின்தங்கினாலும் விடக் கூடாது. அவர் அடிப்பதை டிவி காட்டாத நேரத்தில் போனில் ஸ்கோர் வரும், அதை நோட்டில் குறித்துக்கொள்வேன்.

நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கோடு போட்ட நீள நோட்டு. இடது ஓரத்தில் ஒன்று முதல் பதினெட்டு வரை நம்பர், மேலே நாலு நாள். பாருக்குக் குறைந்தால் சிவப்பு மை, கூடினால் பச்சை மை, பாராக இருந்தால் நீலம். சிவப்பும் பச்சையும் அகஸ்டா வழக்கம். அங்கே இன்றைக்கும் ஸ்கோர் பலகையில் ஆட்கள் கையால்தான் நம்பரை மாட்டுகிறார்கள், குறைந்தால் சிவப்பு, கூடினால் பச்சை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதால் அந்தப் பலகைதான் எல்லாருக்கும் சேதி. எங்கள் ஆபீசில் பச்சை மையைக் கெசட்டட் அதிகாரிதான் தொடுவார். நான் ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் பச்சைப் பேனா இந்த நோட்டுக்காகத்தான்.

2025 மாஸ்டர்ஸுக்கு நான் பிடித்த ஆள் வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய். கோல்ஃபில் வருஷாவருஷம் நடக்கும் நாலு பெரிய போட்டிகளில் மூன்றை ஜெயித்தவர், இந்த மாஸ்டர்ஸ் மட்டும் பாக்கி. 2011-இல் இதே இடத்தில் கடைசி நாளை நாலு அடி முன்னணியோடு ஆரம்பித்து, 80 அடித்து, பதினைந்தாவது இடத்துக்குப் போனவர். 2014-க்குப் பிறகு பெரிய போட்டி எதையும் ஜெயிக்கவில்லை. 11 வருஷம்.

ஞாயிறு ராத்திரி நம் கணக்குக்கு விடிந்தால் திங்கள், ஏப்ரல் 14. மறுபடியும் தமிழ்ப் புத்தாண்டு. வேலூர் ஏப்ரல் ராத்திரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சுவரில் கை வைத்தால் சூடு. இரண்டு அடி முன்னணியோடு ஆரம்பித்தவர் முதல் குழியிலேயே டபுள் போகி. முதல் கட்டத்திலேயே பச்சை. அப்புறம் நிமிர்ந்தார். பத்தாவது குழி முடிந்தபோது நாலு அடி முன்னணி, நோட்டில் வரிசையாகச் சிவப்பு. 'முடிந்தது' என்று பேனாவை மூடினேன். மூடியிருக்கக் கூடாது.

பதினொன்றில் போகி. பதிமூன்றாவது குழி பார் ஐந்து. இரண்டு அடியைப் பத்திரமாக அடித்துவிட்டு, மூன்றாவதுக்கு நூறு கெஜம்கூட இல்லாத தூரத்தில் நிற்கிறார். இடது பக்கம் எவ்வளவோ இடம் இருக்கிறது. பந்து வலது பக்கமாகப் போய் இறங்கி ஓடைக்குள் விழுந்தது. அவர் முட்டியில் கை வைத்துக் குனிந்தார். நான் ஹாலில் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி, "இன்னாங்க ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். டபுள் போகி. அடுத்த குழியிலும் போகி. நாலு அடி முன்னணி போயே போய்விட்டது. அதற்குள் முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஜஸ்டின் ரோஸ் அன்று மட்டும் பத்து பேர்டி போட்டு, 66-இல் முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

பதினைந்தில் ரோரி மரங்களைச் சுற்றி வளைத்து ஓர் அடி அடித்தார். நான் பார்த்த கோல்ஃபில் அதைவிட அழகான அடி இல்லை. பேர்டி. பதினேழில் இன்னொரு பேர்டி. பதினெட்டில் ஐந்தடி தூரத்துப் பந்து போனால் பட்டம். போகவில்லை. இரண்டு பேரும் மைனஸ் பதினொன்று. மறுபடியும் பதினெட்டாவது குழியிலேயே ஆட வேண்டும்.

அந்த இடைவெளியில் அவருக்குப் பையைத் தூக்குகிற ஹாரி டயமண்ட், சின்ன வயசுச் சிநேகிதர், போன திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமை கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் நாம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருப்போமே என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாராம். ரோரியே பிறகு சொன்னது. நாலு நாள் கூடவே நடந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். ரோரி அடித்த பந்து கொடிக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது. ரோஸ் தவறவிட்டார். இவர் போட்டார். பந்து உள்ளே போனதும் மட்டையை எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்து, முகம் தரையைத் தொட, உடம்பு குலுங்க அழுதார். நாலு பெரிய போட்டிகளையும் ஜெயித்த ஆறாவது ஆள்.

மணி இன்னும் ஐந்து அடிக்கவில்லை. சமையலறையில் விளக்கு எரிந்தது. என் மனைவி வேப்பம்பூவை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையோடு உட்கார்ந்து, அந்தக் கூடுதல் ஆட்டத்துக்கென்று கீழே ஒரு கட்டம் போட்டுச் சிவப்பு மையில் நிரப்பினேன். தம்பி, வியாழக்கிழமையிலிருந்து கூட நடக்காமல் அந்த அழுகையை மட்டும் பார்த்திருந்தால் எனக்குக் கண் கலங்கியிருக்குமா என்று தெரியவில்லை.

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகி: வெளிநாட்டுக்காரர்களைப் பற்றியே சொல்கிறீர்கள். நம் நாட்டில் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். அர்ஜுன் அத்வால் 2010-இலேயே அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடும் பி.ஜி.ஏ. டூர் போட்டி ஒன்றை ஜெயித்தார், இந்தியர்களில் முதல் ஆள். 2023 ஓப்பனில் சுபங்கர் சர்மா எட்டாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் நீங்கள் பெண் என்பதால் சொல்லவில்லை, நான் எந்தப் போட்டியையும்விட மனசில் வைத்திருப்பது பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கின் நாலாவது இடத்தைத்தான்.

2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக்ஸ். உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்தவர். அந்த வருஷம் கொரோனாவில் படுத்து எழுந்தவர், அடியின் தூரம் குறைந்திருந்தது. பக்கத்தில் ஆடுகிறவர்களின் பந்து இவருடையதைத் தாண்டி எங்கேயோ போய் விழும். இவர் அமைதியாக வந்து அடுத்த அடியில் சரிக்கட்டுவார், குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கை நடுங்காது. பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தது அவருடைய அம்மா. அந்த வெயிலில் மகளுக்காக நாலு நாள் அந்த அம்மா நடந்ததைப் பார்த்தபோது எனக்கு மைதானத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

மூன்று நாள் முடிந்து இரண்டாவது இடம். சனிக்கிழமை, ஆகஸ்ட் 7, விடியற்காலையிலேயே நம் ஊரில் எத்தனையோ பேர் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அதுவரை கோல்ஃப் பக்கமே திரும்பாதவர்கள். எங்கள் தெருவில் பால் வாங்க வந்த எதிர்வீட்டு அம்மா, "சார், அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். இடி மின்னல் என்று நடுவில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்து, கடைசிக் குழியில் பேர்டி போட்டால் பதக்கத்துக்கான வாய்ப்பு என்ற நிலைமை. பந்து குழியைத் தாண்டிப் போனது. தங்கம் மைனஸ் 17-இல் நெல்லி கோர்டாவுக்கு. மைனஸ் 16-இல் இரண்டு பேர், மோனே இனாமியும் லிடியா கோவும். அதிதி மைனஸ் 15. நாலு நாள், 269 அடி. ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்கான தனி ஆட்டத்தில் அவரும் இருந்திருப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் காலையில் நடந்ததை ராத்திரிக்குள் மறந்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. என் நோட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

அனிர்பன் லாஹிரியையும் விட முடியாது. 2022 மார்ச், பிளேயர்ஸ் போட்டி. மழையால் ஆட்டம் தள்ளிப்போய்த் திங்கட்கிழமைதான் முடிந்தது. முன்னணியில் இருந்தவர் நடுவில் சறுக்கி, பிறகு பதினேழாவது குழியில், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்தத் தீவுத் தரையில் பேர்டி போட்டார். கேமரன் ஸ்மித் ஓர் அடி முன்னால் முடித்துவிட்டார். கடைசிக் குழியில் ஒரு பேர்டி வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. போனில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டத்தில் பார் என்று வந்தது. ஓர் அடியில் இரண்டாவது இடம். அந்தக் கடைசி அடிகளை மறுநாள்தான் பார்த்தேன்.

அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர்: வர்ணனையாளர்கள் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். பேச்சு புரியாவிட்டால் போகட்டும், சத்தம் வேண்டும். மட்டை பந்தில் சரியாகப் படும் ஒலிக்கும் தப்பாகப் படும் ஒலிக்கும் வித்தியாசம் ஒரு வாரத்தில் காதுக்குப் பிடிபட்டுவிடும். குழிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்போது வர்ணனையாளரே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த அமைதியில் எங்கேயோ ஒரு பறவை கூவும். அப்புறம் திடீரென்று வேறொரு குழியிலிருந்து ஜனங்களின் ஆரவாரம் வரும், அங்கே யாரோ பெரிதாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நின்றுகொண்டிருக்கும் ஆட்டக்காரரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்.

விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர்: பாலாற்றில் தண்ணீர் இல்லை. கிணறு வற்றிக் கிடக்கிறது. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஆடும் ஆட்டத்தை நீங்கள் பாராட்டலாமா?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்திலிருந்து மணலைப் பார்க்கிறவன்தான் நானும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. பெரியவர்கள் கைகூப்பியதைப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு உங்கள் கேள்வியைத் தள்ள முடியாது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு விடுவது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஆட்டம் பிறந்த விதம் வேறு. ஸ்காட்லாந்தில் கடலோர மணல்மேட்டில், உழவுக்கு ஆகாத, ஆடு மேய்ந்த நிலத்தில்தான் இது வளர்ந்தது. மழை பெய்தால் பச்சை, காய்ந்தால் பழுப்பு. ஓப்பன் போட்டியை இன்றைக்கும் அப்படிப்பட்ட கடலோர நிலத்தில்தான் நடத்துகிறார்கள். சில வருஷம் தரை காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும், பந்து விழுந்து குதித்து ஓடும், எனக்கு அதைப் பார்க்கத்தான் அதிகம் பிடிக்கும். அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. ஊர் ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு நடந்து போவார்கள். நம் கோட்டை மைதானத்தில் சாயங்காலம் நடக்கிற மாதிரி. நம் நாட்டிலேயே தண்ணீர் இல்லாத பல சின்ன ஊர்களில், புல்லுக்குப் பதில் மணலில் எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்திய தரையில் ஆடியிருக்கிறார்கள். 'பிரவுன்' என்று அதற்குப் பெயர். ஆட்டத்துக்குப் பச்சைக் கம்பளம் கட்டாயம் இல்லை. டிவியில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பச்சையாக்குகிறார்கள், அதில் எனக்கும் சம்மதம் இல்லை.

காட்பாடியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: தாத்தா, பந்து புதருக்குள் போய்க் காணாமல் போனால் என்ன செய்வார்கள்? எவ்வளவு நேரம் தேடுவார்கள்?

கண்ணு, மூன்று நிமிஷம். தேட ஆரம்பித்ததிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் கிடைக்க வேண்டும். 2019-க்கு முன்னால் ஐந்து நிமிஷம் இருந்தது, குறைத்துவிட்டார்கள். கிடைக்காவிட்டால் முன்பு எங்கிருந்து அடித்தாரோ அங்கேயே திரும்பி வந்து இன்னொரு பந்தை அடிக்க வேண்டும், தண்டனையாக ஓர் அடியும் கூடும். அடிக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டால், வீணாக நடக்க வேண்டாம் என்று, போவதற்கு முன்னாலேயே இரண்டாவது பந்தையும் அடித்து வைத்துக்கொள்வார்கள். தேடும்போது பக்கத்தில் ஆடுகிற எதிராளியும், பை தூக்குகிறவரும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் எல்லாருமாகக் குனிந்து புல்லை விலக்கித் தேடுவார்கள். எதிராளி கண்டுபிடித்துக் கொடுப்பதும் உண்டு.

நீ இருப்பதும் காட்பாடிதானே. வருகிற ஜூலையில் ஓப்பன் நடக்கும்போது அப்பாவிடம் கேட்டுக்கொண்டு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வா. நோட்டில் உனக்கும் ஒரு பக்கம் கோடு போட்டு வைக்கிறேன். வரும்போது யாரைப் பிடிக்கப் போகிறாய் என்று யோசித்துக்கொண்டு வா.